எலிக்குஞ்சின் கண்ணும் என் மகளின் கண்ணும்

நான் எலி வளர்த்துச் சம்பளம் வாங்கியவள். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. திருச்சியில் வீட்டுக்கு வீடு பொறி வைத்து எலி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் மட்டும் எலிக்குக் கடலை ஊறப்போட்டு, தண்ணீர் வைத்து, வைக்கோல் மாற்றி, பிரசவமும் பார்த்து மாசாமாசம் கூலி வாங்கினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீவி முடித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் படிக்கிறது அல்லவா!

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. என் வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் வேலை. பாலக்கரையில் ஒரு சந்து வீட்டில் நான், அவர், என் மாமியார் மூன்று பேரும் இருந்தோம். பக்கத்தில் இருந்த பெண்கள் காலேஜில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எலியைக் கண்டு பயந்து வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் போனேன்.

அங்கே பிராணிகளைப் பற்றிப் பாடம் சொல்லும் டீச்சரம்மா ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், ஐயங்கார் வீட்டுப் பெண். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அவர் என்னிடம் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கூண்டிலிருந்து ஒரு வெள்ளை எலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பயமா இருக்காடி?"

"எனக்கு இல்லீங்க. இதுக்குத்தான் பயமா இருக்கு. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

"நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார்.

எனக்கு எலி என்ன பயம்? நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரத்து வாழைத் தோட்டத்தில். அங்கே எலி காலில் ஏறி இறங்கித்தான் போகும். வாழையோடு வாழையாகக் கொஞ்சம் மல்லிகையும் போட்டிருந்தோம். எனக்கு நடக்கத் தெரியுமுன்பே வாழைநாரில் பூக்கட்டத் தெரியும் என்று என் அம்மா சொல்வாள். அது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் நாரில் முடிச்சுப் போடுவதில் என் கை வேகம் யாருக்கும் வராது. அந்த முடிச்சுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

டீச்சரம்மாவின் வேலை இதுதான். எலி குட்டி போட்டால், பிறந்த அன்றைக்கு ஒரு குஞ்சு, மறுநாள் ஒன்று என்று எடுத்து, மயக்க மருந்து காட்டி, அதன் கண்ணை மட்டும் எடுத்து மருந்துத் தண்ணீரில் போடுவார். பிறகு அதை மெழுகில் பதித்து, ஒரு மிஷினில் வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் போடுவார். எலிக்குஞ்சு கண்ணை மூடிக்கொண்டுதான் பிறக்கும், தெரியுமல்லவா? இரண்டு வாரம் போனால்தான் திறக்கும். அந்த மூடிய இமைக்குள்ளே பார்வை எப்படி உருவாகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஸ்பிரிட் கிடைக்காது, கண்ணாடிச் சில்லு கிடைக்காது. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை என்று வெயிலில் அலைந்து ஒரு புட்டி ஸ்பிரிட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வருவார், ஏதோ தங்கக் கட்டியைக் கொண்டுவருவது போல.

முதல் தடவை குஞ்சை எடுத்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாவம்னு எனக்கும் தெரியும்டி. தினம் ஆத்துக்குப் போனதும் கிணத்தடியில தலைக்கு ஜலம் விட்டுண்டுதான் உள்ளே போறேன். பண்ற பாவத்தை வீணாப் பண்ணப்படாது. அதனாலதான் ஒண்ணு விடாமப் பாக்கறேன்."

அதற்குப் பிறகு நான் திரும்பி நிற்கவில்லை.

எந்தக் கூண்டுக் குட்டிக்கு எத்தனை நாள் என்று சீட்டு எழுதித் தொங்கவிடச் சொன்னார். எனக்கு எழுத வந்தால்தானே! நான் கூண்டுக்கு ஒரு வாழைநாரைக் கட்டி, குட்டி போட்ட அன்றைக்கு ஒரு முடிச்சு, விடிந்தால் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன். டீச்சரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சீட்டை எலி கடித்துவிடும், நாரைக் கடித்தாலும் முடிச்சு கீழே கிடக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் மத்தியானம், "வா, நீ வளத்ததை நீயே பாரு" என்று மைக்ராஸ்கோப்பண்டை கூப்பிட்டார். ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. முந்தானையால் பொத்திக்கொண்டு குனிந்தேன். அம்மாடி! நாவல்பழச் சாற்றில் நனைத்த கேழ்வரகை அள்ளிக் கொட்டியது போல இருந்தது.

"ஒவ்வொண்ணும் ஒரு செல்லுடி. இது பொறந்த அன்னிக்கு எடுத்த கண்ணு. என்ன தெரியறது?"

"ஒரே கூட்டமா இருக்குங்க. சொர்க்கவாசல் தெறக்கறப்ப நிக்கிற கூட்டம் மாதிரி. எது யாருன்னே தெரியல. இந்தப் பக்கம் மட்டும் ஒரு வரிசை தள்ளி நிக்குது, கொஞ்சம் குண்டா."

"அதான்! அந்த வரிசைதான் மூளைக்கு நூல் விடறது. அது முன்னாடியே வெளியே வந்துடுத்து. இப்போ இதைப் பாரு, கண்ணு திறந்த குஞ்சோடது."

சில்லை மாற்றினார். அதே கேழ்வரகுதான். ஆனால் இப்போது புடவைக் கரை போட்டது போல மூன்று பட்டை, நடுநடுவே வெள்ளை இடைவெளி. ஒன்று தடியாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று ஒற்றைக் கோடாக. வெளிச்சத்தை வாங்குகிறது ஒரு பட்டை, அதை வாங்கிக் கைமாற்றிவிடுகிறது ஒன்று, மூளைக்கு அனுப்புகிறது ஒன்று என்று விளக்கினார்.

"இதெல்லாம் எங்கேருந்து வந்தவங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் அந்தக் கூட்டத்திலேர்ந்துதான். ஒரே ஆத்துக் கொழந்தைகள். முன்னாடி வெளியே வந்தது ஒரு தினுசா ஆறது, பின்னாடி வந்தது வேற தினுசா ஆறது. உள்ளேயே எழுதி வெச்சிருக்கா, இல்ல அந்தந்த நேரத்துல சுத்தி இருக்கறதைப் பாத்துண்டு மாறறதா, அதுதான் எனக்குப் புரியல."

எனக்கு உடனே எங்கள் வீடு ஞாபகம் வந்தது. பெரியண்ணன் தலையெடுத்தபோது தோட்டத்தில் ஆள் தேவை, அவன் மண்வெட்டி பிடித்தான். சின்னண்ணன் வளர்ந்தபோது மல்லிகை போட்டிருந்தோம், அவன் பூக்கடைக்காரன் ஆனான். தம்பி வளர்வதற்குள் நிலம் பங்குபோய்விட்டது, அவன் ரயிலேறிப் போய்விட்டான். மூன்று பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். இதை நான் சொன்னதும் டீச்சரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "அப்படியும் இருக்கலாம். ஆனா அப்படித்தான்னு சொல்ல நான் இன்னும் எத்தனை கண்ணு பாக்கணுமோ" என்றார்.

இன்னொன்றும் காட்டினார். கூட்டத்தின் பின்சுவரோரமாக மட்டும் அங்கங்கே ஒரு செல் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கேயும் பிளக்கவில்லை. "பிளக்கற நேரத்துக்கு மட்டும் இந்தச் சுவரோரம் வந்துடறதுன்னு நெனைக்கறேன். ஆனப்புறம் உள்ளே திரும்பிப் போயிடறது."

"தலைப் பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குப் போற மாதிரிங்களா?"

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடிச் சில்லு ஆடியது. "இதை இங்கிலீஷ்ல எப்படிடி எழுதறது?" என்றார்.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. இரண்டு கூண்டு, இரண்டிலும் ஒரே அளவு முடிச்சு. ஒரு கண்ணில் கூட்டம் பிரிந்து பட்டை விழ ஆரம்பித்திருக்கிறது, இன்னொன்றில் இன்னும் ஒரே நெரிசல். டீச்சரம்மா முகம் சுருங்கிவிட்டது. அத்தனை நாள் உழைப்பும் அந்த வரிசையில்தானே நிற்கிறது.

"ஏண்டி, நடுவுல ஒரு நாள் முடிச்சுப் போட மறந்துட்டியா?"

"சோத்த மறந்தாலும் முடிச்ச மறக்க மாட்டேங்க."

அவர் அன்றைக்கு முழுக்கக் கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தாய் எலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திடீரென்று எழுந்து, "தப்பு உன் முடிச்சுல இல்லை, நான் எண்ணச் சொன்ன இடத்துல" என்றார். ஒரு தாய் கொஞ்சம் முன்னால் பெற்றுவிடுகிறது, இன்னொன்று கூட ஒரு நாள் வயிற்றில் வைத்திருந்து பெறுகிறது. குஞ்சு வெளியே வந்த நாளைக் கண் எண்ணுவதில்லை, உண்டான நாளிலிருந்துதான் அதற்குக் கணக்கு. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறது. அன்றிலிருந்து ஆண் எலியைக் கூண்டில் விட்ட நாளுக்கே முதல் முடிச்சு. நான் அதற்கு எலிக் கல்யாணம் என்று பேர் வைத்தேன். "இன்னிக்கு மூணாம் கூண்டுல முகூர்த்தங்க" என்று சொன்னால் டீச்சரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

என் மாமியாருக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"மனுசனுக்கே அரிசி இல்ல, எலிக்குக் கடலையாம். ஏண்டி, அந்தக் கடலைய இங்க கொண்டாந்தா ஒரு சட்னிக்காவது ஆவும்ல?"

"எலி எச்சிக் கடலைங்க அத்தை. உங்களுக்கு வேணுமா?"

"வாயப் பாரு!" என்பார். ஆனால் வாய்க்கு வாய் பேசுகிற மருமகளை அவருக்குப் பிடிக்கும். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும்தான் பேச்சு மாறியது. "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு கண்ணப் புடுங்குற எடத்துக்குப் போகாதடி" என்று தினம் சொன்னார். நான் வளைகாப்பு வரைக்கும் போனேன். வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே போன கொஞ்ச நாளில், எட்டாம் மாசம் பிறந்ததும் பிறக்காததுமாக, பெண் குழந்தை பிறந்துவிட்டது.

என் முழங்கை நீளம்கூட இல்லை. பஞ்சில் சுற்றித்தான் வைத்தோம். பாலைத் துணியில் தோய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். தங்காது என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். அது தங்கியது. பழக்க தோஷம், தூளிக் கயிற்றில் ஒரு வாழைநாரைக் கட்டி நாளுக்கு ஒரு முடிச்சு போட்டேன். ஒவ்வொரு முடிச்சும் எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் குழந்தை எதையும் பார்க்கவில்லை.

அடுத்த தோட்டத்து வீட்டில் அதே வாரம் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவன் விளக்கைக் காட்டினால் விளக்கோடு திரும்பினான், தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். என் பெண்ணுக்கு முன்னால் விளக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாலும் கண் அதன்பாட்டுக்கு எங்கேயோ உருண்டுகொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் நானும் என் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தச் சோதனையைச் செய்வோம். செய்துவிட்டு அவரவர் வேலைக்கு எழுந்து போய்விடுவோம்.

மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் தாயார் சன்னதிக்கு வந்து சேவித்துவிட்டு, அப்படியே எங்கள் தோட்டத்துக்கு வந்து பேத்தியைப் பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவரே விளக்கை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு விளக்கைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன், கேட்டியா? கண்ணு தெறக்காத குஞ்சுங்க கண்ணப் புடுங்கினீங்களே, இப்ப என் பேத்தி கண்ணு தெறந்தும் பாக்கலியே!"

நான் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உறையூர்ப் பக்கம் கண்ணுக்கு மருந்து போடுற ஆளு ஒருத்தர் இருக்காரு. அடுத்த வெள்ளிக்கெழம கூட்டியாறேன். மருந்து கொஞ்சம் எரியுமாம். எரிஞ்சா எரியட்டும், பார்வை வந்தாப் போதும்" என்றார்.

அந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் சந்தில் ஒரு கிழவருக்கு மருந்து போட்டார். இருந்த மங்கல் பார்வையும் வெந்து வெள்ளையாகிவிட்டது. பச்சைக் குழந்தையின் கண்ணில் அதைப் போடுவதா? அன்றைக்குத்தான் எனக்கு ஒரு உறுதி வந்தது. என் பெண்ணுக்குப் பார்வை இருக்கிறதா, இல்லையா, அது எனக்குத் தெரியாது. தெரிகிற வரைக்கும் ஒரு சொட்டு மருந்து அந்தக் கண்ணில் விழ விடமாட்டேன்.

வியாழக்கிழமை காலையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். என் அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"பச்சப் புள்ளைய எடுத்துக்கிட்டு ஆறு தாண்டக் கூடாதுடி. அவங்க வந்து அழைச்சிக்கிட்டுப் போறவரைக்கும் ஆறு தாண்டக் கூடாது."

"இது தீவும்மா. எங்க போனாலும் ஆறுதான். நீ வரியா, நான் மட்டும் போவட்டுமா?"

திட்டிக்கொண்டே செருப்பில்லாமல் கூட வந்தாள். கரி பஸ் பாலத்தின் நடுவே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. காவேரிக்கு நடுமத்தியில், ஆறு தாண்டியும் தாண்டாமலும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினார். என் அம்மா தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு முடித்தபோதுதான் வண்டி நகர்ந்தது.

டீச்சரம்மா எலி அறையில் தானே வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "குடுடி" என்று கை நீட்டினார்.

என் அம்மா தயங்கினாள். "நீங்க தொடுவீங்களா? வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எலியைத் தூக்கின கை. எப்படியும் குளிக்கத்தான் போறேன். உங்க பேத்தியைத் தூக்கினதுக்குத் தனியா ஒரு சொம்பு வேண்டாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் அழாமல் சொன்னேன். அவர் ஜன்னல் கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் லைட்டைக் குழந்தையின் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து அடித்தார். "குனிஞ்சு பாரு. நடுவுல இருக்கற கறுப்பு வட்டம் சுருங்கறது பாரு." சுருங்கியது. விளக்கை எடுத்தால் விரிந்தது. மறுபடி அடித்தால் மறுபடி சுருங்கியது. "வெளிச்சம் உள்ளே போறதுடி. போய், ஒரு இடத்துல தெரிஞ்சு, பதிலும் வர்றது."

"அப்ப பாக்குதுங்களா?"

"அவசரப்படாதே. நான் டாக்டர் இல்லை. எலிக் கண்ணைப் பாத்துண்டு கொழந்தைக் கண்ணைச் சொல்லவும் கூடாது. ஆனா படிச்சதைச் சொல்றேன். நாம கூர்மையாப் பாக்கறதுக்குன்னு கண்ணோட பின்சுவர்ல நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு. முழு மாசத்துல பொறந்த கொழந்தைக்கே அது அப்போ கட்டி முடிஞ்சிருக்காது. பொறந்தப்புறமும் மாசக்கணக்கா ஆகும். உன் பொண்ணு எப்போ பொறக்க வேண்டியவ?"

நானும் அம்மாவும் விரல் விட்டு எண்ணிச் சொன்னோம். டீச்சரம்மா என்னையே பார்த்தார். பிறகு மூலையில் இருந்த கூண்டுக்கு அவர் பார்வை போனது. அங்கே நான் கட்டிவிட்டுப் போன வாழைநார் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எலிக்குக் கல்யாண நாளிலிருந்து எண்ணத் தெரிந்தவள், சொந்தப் பெண்ணுக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்!

அங்கிருந்து என்னை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், தனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் காட்டினார். அவர் இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பூ விழவில்லை, புண் இல்லை, வெளியே தெரிகிற குறை ஒன்றும் இல்லை, உள்ளே இருக்கிறதை இப்போதே சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும், எந்த மருந்தும் போடக் கூடாது என்றார். உறுதியாகச் சொல்லும்படி நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்து தூளிக் கயிற்றிலிருந்து நாரை அவிழ்த்தேன். பிறக்க வேண்டிய நாள் எந்த முடிச்சில் வருகிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து, அந்த இடத்தில் அரிவாள்மனையில் வைத்து நறுக்கினேன். நீள நாரெல்லாம் கீழே விழுந்தது. கையில் மிஞ்சியது ஒரு சாணுக்கும் குறைவு.

மறுநாள் மாமியார் மருந்துக்காரரோடு வந்தார். அந்த ஆளின் தோளில் தோல் பை, கண்ணில் மை, வாயில் வெற்றிலை. திண்ணென்று உட்கார்ந்து சிமிழைத் திறந்தார். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன்.

"குடும்மா. ஒரு நிமிசம் கத்தும், அவ்வளவுதான்."

"குடுக்க மாட்டேங்க."

"ஏண்டி, பஸ்ஸுக்குக் காசு குடுத்துக் கூட்டியாந்திருக்கேன்!" என்று மாமியார் கத்தினார்.

"அத்தை, அடுத்த வீட்டுப் பையன் எப்ப வெளக்கப் பாத்தான்?"

"ரெண்டாம் மாசத்துல. அதுக்கென்ன?"

நான் அந்தத் துண்டு நாரை நீட்டினேன். "எம் பொண்ணுக்கு வயசு இவ்வளவுதான். இவ உள்ள இருக்க வேண்டிய நாளையெல்லாம் வெளிய இருந்து கழிச்சிருக்கா. அத வயசுல சேக்கக் கூடாது. அந்தப் பையன் வெளக்கப் பாத்த வயசுக்கு இந்த நாரு வளரட்டும். அப்பவும் பாக்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் இவ கண்ணுல யாரும் கை வெக்கக் கூடாது."

மருந்துக்காரர் சிரித்தார். "நாருல வயசு பாக்குற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

"எரியுற மருந்தப் புள்ளக் கண்ணுல ஊத்துற ஆம்பளைய நானும் இப்பத்தான் பாக்குறேன்" என்றேன்.

மாமியார் என்னையும் நாரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அந்தக் கணக்கு புரிந்ததா, என் பிடிவாதம் புரிந்ததா, தெரியாது. வெற்றிலைத் தட்டை மருந்துக்காரர் பக்கம் தள்ளி, "வெத்தல போட்டுக்கிட்டுக் கெளம்புங்க. முடிச்சு ஏறட்டும், பாப்போம்" என்று அவரை அனுப்பிவிட்டார். என்னிடம் திரும்பி, "ஏறலேன்னா ஒன்னைத் தொலச்சிடுவேன்" என்றார். போகும்போது தூளியண்டை நின்று அந்த நாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். விடிந்தால் முடிச்சு, விளக்கேற்றினால் சோதனை. விளக்கு இந்தப் பக்கம் போகும், கண் அந்தப் பக்கம் போகும். படுத்தால் அந்தக் கேழ்வரகுக் கூட்டம்தான் கண்ணில் நிற்கும். இப்போது எந்த வரிசை தள்ளி நிற்கிறதோ, எந்தப் பட்டை பிரிந்ததோ என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். 'அவசரமில்லடி ராசாத்தி, நிதானமாக் கட்டு' என்று அதன் நெற்றியைத் தடவிச் சொல்வேன். ஆனால் எனக்கு அவசரமாகத்தான் இருந்தது.

நார் கிட்டத்தட்ட அந்த அளவை எட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. மாமியார் கோயிலிலிருந்து நேராக வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். காலை வெயில் வாழை இலைகளுக்கு நடுவே புகுந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர் போட்டிருந்தது பெரிய ஒற்றைக்கல் மூக்குத்தி. நான் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சு சட்டென்று நின்றது. மாமியார் பேச்சை நிறுத்தினால் ஏதோ விபரீதம் என்று ஓடி வந்தேன்.

"அடியே, வாடி. மெதுவா வா. சத்தம் போடாத."

குழந்தை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. புருவத்தைச் சுருக்கி, கணக்கு கேட்கிற மாதிரி. மாமியார் மூச்சை அடக்கித் தலையை இடதுபக்கம் சாய்த்தார். கண் கூடவே போனது. வலதுபக்கம் சாய்த்தார். கொஞ்சம் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் வந்தது.

"பாக்குதுடி! என்னப் பாக்குதுடி! பெத்தவளப் பாக்கல, என்னத்தான் மொதல்ல பாத்திருக்கு!"

"ஒங்களப் பாக்கல அத்தை, மூக்குத்தியப் பாக்குது."

"மூக்குத்தி யார் மூக்குல இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். மூக்குத்தி ஆடியது. குழந்தையின் கண்ணும் கூடவே ஆடியது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அன்றைக்கு யாரும் யாரையும் திட்டவில்லை.

நான் மறுபடி வேலைக்குப் போனேன், இந்தத் தடவை மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரம்மாவிடம் மூக்குத்திக் கதையைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய வரிசையும் முடிகிற நேரம். கல்யாண நாளிலிருந்து எண்ணியதும், முன்னால் பெற்றது பின்னால் பெற்றது என்ற குளறுபடியெல்லாம் போய், கண்ணுக்குக் கண் ஒழுங்காக வந்து நின்றது. மூளைக்கு நூல் விடுகிறது முதலில், மற்றவை நடுவில். மங்கின வெளிச்சத்தில் பார்க்க உதவுகிற கூட்டம்தான் கடைசியில், அதுவும் குஞ்சு பிறந்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. "எந்த வரிசையில வர்றதுன்னு தெரிஞ்சுடுத்து. ஏன் அந்த வரிசைன்னு மட்டும் இன்னும் தெரியல" என்று சொல்லி, அடுத்த கூண்டில் எப்போது முகூர்த்தம் என்று கேட்டார்.

என் பெண் இப்போது பேரன் எடுத்துவிட்டாள். ஊசியில் நூல் கோக்க என்னிடம் கண்ணாடி கேட்கிறாள், நான் இன்னும் வெறுங்கண்ணால் கோக்கிறேன். அது வேறு கதை.

மாமியாரைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் கழித்து எங்கள் பாலக்கரைச் சந்தில் ஒரு பெண்ணுக்குக் குறைமாசத்தில் குழந்தை பிறந்தது. தலை நிற்கவில்லை, முகம் பார்க்கவில்லை என்று அந்த வீட்டில் ஒரே அழுகை. நான் வேலையிலிருந்து வரும்போது அந்த வீட்டுக்குள்ளே மாமியாரின் குரல் தெருவரை கேட்டது.

"பொறந்த நாள்ல இருந்து எண்ணாதீங்கடி, கூறுகெட்டவளுங்களா! பொறக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணுங்க. எங்க வீட்டுல அப்படித்தான். எவனாச்சும் மருந்து கொண்டாந்தா வெளக்குமாத்தால அடிங்க."

வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்னடி வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? போயி ஒரு வாழநாரு எடுத்துக்கிட்டு வா" என்றார்.